ஆண்மகன் அழலாமா?

அண்மையில் காஞ்சிபுரத்தை அடுத்த திருப்பருத்திக்குன்றத்தில் ஒரு துக்க வீட்டிற்குச் சென்றிருந்தோம். இறந்தவரும், அவர் தலைமாட்டில் நின்ற முதியவரும் ஒரே தறியில் கோர்வைப் புடவை நெய்தவர்கள். ஒருவர் உடற்பகுதியை நெய்ய, மற்றவர் கரைக்கு நாடா எறிவார். ஒருவர் கை நின்றால் தறியே நின்றுவிடும். முதியவர் விம்மியபோது, "ஆம்பளை அழலாமா? பொம்பளை மாதிரி என்ன இது?" என்று எவரோ அதட்டினார். அவர் தோள்துண்டை வாயில் அடைத்துக்கொண்டார். அதட்டியவரும் அன்பினால்தான் அதட்டினார். ஆயினும் அச்சொல் நம் நெஞ்சைவிட்டு அகலவில்லை.

திரும்பும் வழியில் திரைலோக்கியநாதர் சமணக் கோயிலுக்குள் நுழைந்தோம். விசயநகர அமைச்சர் இருகப்பர் 14-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுப்பிய சங்கீத மண்டபம் அங்குள்ளது. விதானத்து ஓவியங்களில் நேமிநாதர் வரலாறும் இடம்பெற்றுள்ளது. மணக்கோலத்தில் சென்ற அந்த அரசிளங்குமரர், விருந்துக்கென அடைத்துவைத்த விலங்குகளின் ஓலம் கேட்டு மனம் உருகித் தேரைத் திருப்பித் துறவு பூண்டார் என்பது சமண மரபு. அவ்வுருக்கத்தை ஆண்மைக் குறைவென்று அம்மரபினர் எண்ணவில்லை, வணங்கினர்.

இவ்வினாவை இன்னும் பழையதொரு காப்பியமும் எழுப்புகிறது. யோனா ஆகமத்தின் வழியாக நாமறிந்த நினிவே நகரின் இடிபாடுகளிலிருந்து 19-ஆம் நூற்றாண்டில் களிமண் பலகைகள் பல கிடைத்தன. அவற்றுள் ஒன்றாகிய கில்காமேசு காப்பியம், இன்றைய ஈராக்கிலுள்ள ஊருக் நகர மன்னனின் கதை. ஊராரை வாட்டி, மணப்பெண்களையும் விட்டுவைக்காத கொடுங்கோலன் அவன். அவனை அடக்கத் தெய்வங்கள் எங்கிடு என்னும் காட்டுமனிதனைப் படைக்கின்றன. மணப்பெண் வீட்டு வாயிலில் வழிமறித்து மற்போரிடும் எங்கிடு, பின்னர் அவனுடைய உயிர்த்தோழனாகிறான். எங்கிடுவின் கூந்தல் பெண்ணின் கூந்தல் போன்றதென்று காப்பியமே கூறுகிறது. இந்நட்பின் இயல்பு யாதென அறிஞர் இன்றும் வாதிடுகின்றனர். நம் காலத்துப் பெயர்களை அதன்மேல் ஒட்ட நாம் விரையவில்லை. காப்பியம் காட்டுவதையே காண்போம்.

எங்கிடு போர்க்களத்தில் அன்று, நோய்ப்படுக்கையில் இறக்கிறான். கில்காமேசு மணமகளின் முகத்தை மூடுவதுபோல் தோழனின் முகத்தை மூடுகிறான். ஒப்பாரிப் பெண்போல் புலம்புகிறான். குட்டிகளை இழந்த பெண்சிங்கம்போல் சுற்றிச்சுற்றி வருகிறான். ஆறு பகலும் ஏழு இரவும் உடலை அடக்கத்திற்குத் தர மறுக்கிறான். உலகின் வலிமைமிக்க ஆண்மகனின் துயரைச் சொல்லப் புலவனுக்குப் பெண்ணுவமைகளே தேவைப்பட்டன. முன்பு மணப்பெண்களைக் கவர்ந்த அதே கைகள், இப்போது மணமகளைப் போர்த்தும் மென்மையுடன் தோழனைப் போர்த்துகின்றன. வெற்றிகள் அவனை மனிதனாக்கவில்லை. கண்ணீரே அவ்வேலையைத் தொடங்கிற்று.

நம் புறநானூறும் இதற்குச் சான்று பகரும். கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தபோது, அதுவரை நேரில் கண்டிராத பாண்டிநாட்டுப் பிசிராந்தையார் அவனைத் தேடி வந்து உடன் உயிர்நீத்தார். உயிரைத் தாமே விடுவதை நம் திருமறை ஏற்பதில்லை. எனினும் அந்நட்பின் ஆழத்தைப் பழந்தமிழர் நாணத்தக்கதாகக் கருதவில்லை. கோலியாத்தை வென்ற தாவீதும், யோனத்தான் தமக்குக் காட்டிய அன்பை மகளிர் அன்பினும் உயர்ந்ததாகப் பாடிப் புலம்பினார் (2 சாமு 1:26).

அனைத்திற்கும் மேலாக, நண்பர் இலாசருக்காக நம் ஆண்டவரே பலர் காணக் கண்ணீர் விட்டார் (யோவா 11:35). எருசலேமை எண்ணி வருந்தியபோது, குஞ்சுகளைச் சிறகுக்குள் சேர்க்கும் தாய்க்கோழியைத் தமக்கு உவமையாக்கினார் (மத் 23:37). தாய்மையின் உவமை அவருக்கு இழிவாகவில்லை. அவ்வாறாயின், "பொம்பளை மாதிரி" என்பதை வசையாக்கும் நாம் யாரைப் பின்பற்றுகிறோம்? அவ்வசை ஆணின் கண்ணீரை அடைப்பதோடு நிற்பதில்லை. பெண்மையையே இழிவுக்கு அளவுகோலாக்கிவிடுகிறது.

அழவிடாத நெஞ்சின் துயர் சினமாகவோ குடியாகவோ வேறு வழி தேடுவதை நம் இல்லங்களில் காணாமல் இல்லை. ஆதலின் அடுத்த துக்க வீட்டில் விம்மும் ஆண்மகனைக் கண்டால் அதட்டாதிருப்போம், அருகில் அமர்வோம். அம்முதியவரின் வாயிலிருந்த துண்டை அன்று நாமும் எடுத்துவிடவில்லை. அந்தக் குறை நம்முடையதே.