திலகவதியாரும் தம்பியாரும்

சைவாசிரியர்களே,

சித்திரைச் சதயத்திலே திருநாவுக்கரசு நாயனாருடைய குருபூசை நிகழும்பொழுது நம்முடைய பாடசாலைகளிலே பிள்ளைகள் நாயனாருடைய சரித்திரத்தைப் பேசுகின்றார்கள். நீற்றறையையும், நஞ்சு கலந்த பாலடிசிலையும், மதயானையையும், கல்லோடு பிணித்துக் கடலில் இட்டதையும் விரித்துப் பேசுகின்றார்கள். அற்புதங்களிலே பிள்ளைகளுக்கு விருப்பம் மிகுதி; அதனைக் குற்றமென்று சொல்வார் இல்லை. ஆயினும், அவ்வற்புதங்களுக்கெல்லாம் முன்னே திருவாமூரிலே ஒரு வீட்டினுள்ளே நிகழ்ந்த காரியமொன்று உண்டு. அதனை இரண்டு வாக்கியத்திற் சொல்லிக் கடந்துவிடுகின்றோம். அவ்விடத்திலே இன்று சிறிது நின்று சிந்திப்போம்.

திருமுனைப்பாடி நாட்டுத் திருவாமூரிலே, வேளாளர் குடியிலே, புகழனாருக்கும் மாதினியாருக்கும் முதலிலே திலகவதியாரும், சில ஆண்டு கழிந்தபின் மருணீக்கியாரும் பிறந்தார்கள். சிவபத்தியும் படைத்தொழிலில் வன்மையும் உடைய கலிப்பகையாருக்குத் திலகவதியாரைக் கொடுப்பதென்று பெரியோர் பேசி உடன்பட்டார்கள். மணநாள் வருமுன்னே கலிப்பகையார் அரசன் ஏவலினாற் போருக்குப் போயினார். அவர் போர்முனையிலே நிற்கும்பொழுதே புகழனார் நோயுற்று இறந்தார். மாதினியாரும் கணவரோடு உயிர் துறந்தார். பிள்ளைகள் இருவரும் சுற்றத்தாரோடு கூடி ஈமக்கடன் செய்தார்கள். அத்துயர் ஆறுமுன்னே கலிப்பகையாரும் களத்தில் மாண்டார் என்னுஞ் செய்தி வந்தது.

தந்தை போயினார், தாய் போயினார், கொழுநராக வரித்தவரும் போயினார். பெற்றோர் தம்மை அவருக்கென்று கொடுத்துவிட்டமையால் இவ்வுயிரும் அவருயிரோடு சேரற்பாலது எனத் திலகவதியார் துணிந்தார். அப்பொழுது சிறுவராகிய மருணீக்கியார் தமக்கையாருடைய அடிகளிலே வீழ்ந்து அழுதார். அன்னையும் அத்தனும் அகன்ற பின்னரும் தாம் உயிரோடிருப்பது தமக்கையாரைக் கண்டு வணங்கலாம் என்பதனாலேயே என்றும், அவரும் நீங்குவாராயின் தாம் அவருக்கு முன்னே நீங்குவார் என்றும் சொன்னார். இது தமக்கையாரை வெருட்டிய சொல்லன்று. ஒருவரும் இல்லாது தனித்துவிடுவோமோ என்று அஞ்சிய பிள்ளையின் சொல். திலகவதியார் தம்பியார் உயிர்வாழ்தல் வேண்டும் என்னும் இரக்கத்தினாலே தம்முயிரைத் தாங்கி, மணக்கோலம் பூணாது, மனையிலே தவம் புரிந்திருந்தார்.

ஆசிரியர்கள் இவ்விடத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது எச்சரிக்கையாகச் சொல்லல் வேண்டும். உயிர் துறக்கத் துணிந்ததைப் பெரிதாக எடுத்துச் சொல்லி, இருந்ததைச் சிறிதாக்கிவிடுவது எளிது. துணிவு ஒரு நாட் காரியம். இருந்தது எத்தனை ஆண்டு! சேக்கிழார் சுவாமிகள் அவ்வாண்டுகளை விரித்துரைத்தாரல்லர். விடியற்காலத்தில் எழுந்து அடுப்பு மூட்டியதும், தம்பியாருடைய அழுகையை ஆற்றியதும், தம்முடைய அழுகையை அவர் காணாமல் அடக்கியதும் புராணத்தில் ஏறுவனவல்ல. நம்முடைய வீடுகளிலும் அவை ஒருபோதும் எழுத்தில் ஏறுவதில்லை.

மருணீக்கியார் வளர்ந்தார். உலகம் நிலையாது என்று கண்டு அறச்சாலையும் தண்ணீர்ப்பந்தரும் வைத்தார், சோலை வளர்த்தார், குளந் தொட்டார். பின்னர் மெய்ந்நெறி எதுவென்று தேடுவாராய்ப் பாடலிபுத்திரஞ் சென்று சமண சமயத்திலே புகுந்து, அங்கே தருமசேனர் என்னும் பெயரும் தலைமையும் பெற்றார். எந்தத் தம்பிக்காகத் தமக்கையார் உயிர் தாங்கினாரோ, அந்தத் தம்பி அவருடைய நெறியை விட்டே போய்விட்டார்.

இங்கேதான் திலகவதியாருடைய பெருமை விளங்குகின்றது. அவர் தம்பியாரைத் தேடிப் போய், உனக்காக நான் என்னென்ன இழந்தேன் அறிவாயா என்று கேட்டாரல்லர். தாம் செய்த உதவியைக் கடன்பத்திரம்போல எடுத்து நீட்டினாரல்லர். கெடிலநதிக்கு வடகரையிலே திருவதிகை வீரட்டானத்தை அடைந்து, நாடோறும் திருவலகிட்டும், திருமெழுக்கிட்டும், பூக்கொய்து மாலை தொடுத்தும் தொண்டு செய்தார். தம்பியாரை நினைந்து வருந்தும் வருத்தத்தை இறைவனிடத்திலேயே பலமுறை விண்ணப்பஞ் செய்தார்.

யான் இளமையிற் கற்றது பாதிரிமார் தாபித்த கல்லூரியொன்றிலே. அங்கே விவிலிய பாடத்திலே, பொருளையெல்லாம் அழித்துவிட்டு வீடு திரும்பிய இளைய குமாரனுடைய கதையைப் பலமுறை கேட்டிருக்கின்றேன். தந்தை ஓடிச் சென்று அவனைத் தழுவிக்கொள்ளுகின்றார். வீட்டிலிருந்து உழைத்த மூத்த குமாரனோ கோபங்கொண்டு உள்ளே வர மறுத்து நிற்கின்றான். அந்தக் கதையைக் குறைகூற வந்தேனல்லேன்; உழைத்தவர்களுடைய மனத்தாங்கலை உள்ளபடி காட்டுகின்ற கதை அது. ஆயினும், பெரியபுராணத்தை ஊன்றிப் படிக்குந்தோறும் ஒரு வேறுபாடு என் மனத்திலே தோன்றும். இங்கே தந்தையும் இல்லை, தாயும் இல்லை. வீட்டிலே தங்கி உழைத்த மூத்தவரே காத்திருக்கின்றார், மூத்தவரே ஏற்றுக்கொள்ளுகின்றார்.

ஏற்றுக்கொண்ட விதத்தையும் பாருங்கள். சூலைநோய் வயிற்றைக் குடைந்து முறுக்க, சமணர்களுடைய மந்திரங்களும் மயிற்பீலியும் பயன்படாதொழிய, தருமசேனர் தமது சமையற்காரனைத் திருவதிகைக்கு அனுப்பினார். வந்தவன் இன்னார் ஏவலால் வந்தேன் என்றவுடனே, தீங்கு ஏதும் நேர்ந்ததோ என்றே திலகவதியார் வினாவினார். பிரிந்து போயினவர்மேல் வெறுப்பு இருந்திருப்பின் முதல் வினா வேறாக இருந்திருக்கும். ஆனால், நோயென்று கேட்டும் தாம் சமணர் இருக்கைக்கு வருவதில்லை என்று சொல்லியனுப்பினார். இரக்கமும் உறுதியும் ஒருவரிடத்திலேயே நிற்பதை இங்கே காண்கின்றோம். பிள்ளை அழுதவுடன் எதனையும் விட்டுக்கொடுப்பதே அன்பென்று எண்ணும் பெற்றோருக்கு இவ்விடத்தை எடுத்துக் காட்டலாம்.

தம்பியார் பாயையும் கமண்டலத்தையும் பீலியையும் ஒழித்து, வெள்ளாடை உடுத்து, பிறர்மேற் கையூன்றி, இரவிலே வந்து தமக்கையாருடைய திருமடத்திற் புகுந்து காலில் வீழ்ந்தார். திலகவதியார் பழைய கதை ஒன்றையும் எடுத்தாரல்லர். ஐந்தெழுத்தோதித் திருநீறு கொடுத்தார். திருப்பள்ளியெழுச்சிக் காலத்திலே திருவலகும் சாணமும் தோண்டியும் எடுத்துக்கொண்டு, நாடோறும் போகின்ற தமது தொண்டுக்குப் போகும் வழியிலே தம்பியாரையும் உடன் அழைத்துச் சென்றார். திருநாவுக்கரசர் என்னும் பெயர் பிறந்தது அன்றைத் திருப்பதிகத்தினாலே. பிற்காலத்திலே நாயனார் முதுமையிலும் உழவாரப்படையைக் கையினின்று விடாது கோயில் வீதிகளிலே புல்லைச் செதுக்கித் திரிந்தாரே, அந்தக் கைத்தொண்டை முதன்முதல் எங்கே கண்டார்? அன்று விடியலிலே தமக்கையாருடைய கையிலே இருந்த திருவலகிலே கண்டார் என்று எண்ணுவதில் எனக்கு ஒரு மகிழ்ச்சி உண்டு.

இனி நம்முடைய பாடசாலைக்கு வருவோம். 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் முடிவிலே வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கும் அப்பால் வன்னிக்கும் போனபோது, தம்பியை இடுப்பிலும் மூட்டையைத் தலையிலும் சுமந்து நடந்த தமக்கைமாரை நம்மிற் பலர் கண்டிருக்கின்றோம். 2009 ஆம் ஆண்டு போர் முடிந்தபின், தாய் தந்தையர் இல்லாத வீடுகளிலே சிறு பெண்களே குடும்பத்தை நடத்தியதும் நாம் அறிந்ததே. 2022 ஆம் ஆண்டு அரிசியும் மண்ணெண்ணெயும் பால்மாவும் அரிதாகிய நெருக்கடியிலே பல வீடுகளிற் கூலிவேலைக்குத் தாயும் போயினார். கைக்குழந்தை மூத்த பெண்ணிடத்தில் விடப்பட்டது. இடாப்பிலே அந்தப் பெண்ணின் பெயருக்கு நேரே வரவில்லை என்னும் குறி விழுந்தது.

அவ்வாண்டிலே யான் கற்பித்த வகுப்பிலே அப்படிப்பட்ட மாணாக்கி ஒருத்தி இருந்தாள், வயது பதினான்கு. வாரத்தில் இரண்டு மூன்று நாள் வருவதில்லை. காலைப் பிரார்த்தனைக் கூட்டத்திலே ஓர் ஆசிரியர் நல்லெண்ணத்தோடு அவளை முன்னே அழைத்து நிறுத்தி, தியாகம் என்பதற்கு இவளே உதாரணம் என்று புகழ்ந்தார். பிள்ளை தலைகுனிந்து நின்றாள். அடுத்த கிழமை தொடக்கம் அவள் வரவேயில்லை. புகழப்பட்ட பின்னர், படிக்க வேண்டும் என்று ஆசைப்படுவதற்கு அவளுக்கு வாயில்லாது போயிற்று!

ஆசிரியர்களே, இதனை நாம் ஆழ்ந்து எண்ணல் வேண்டும். திலகவதியாரை அவ்வாறு இருக்கும்படி ஒருவரும் விதித்தாரல்லர்; தம்முடைய இரக்கத்தினாலே தாமே ஏற்றார். ஒரு சிறு பெண்ணின்மேல் வறுமை சுமத்திய சுமையை நாம் தியாகமென்று பெயரிட்டுப் புகழுவது, அச்சுமையை இறக்க வேண்டிய கடமையினின்று நாம் தப்பிக்கொள்ளும் வழியாகிவிடுகின்றது. இலங்கையிலே 1945 ஆம் ஆண்டு தொடக்கம் கல்வி இலவசம். 2016 ஆம் ஆண்டு தொடக்கம் பதினாறு வயது வரையும் கட்டாயம். அந்தச் சட்டம் மூத்த பெண்ணுக்கு வேறு, இளைய பையனுக்கு வேறு அன்று. செய்தவர் கணக்குப் பார்ப்பதில்லை. ஆதலினாலே, பெற்றுக்கொண்டவர்களும் பக்கத்தில் நிற்கின்ற நாமுமே கணக்குப் பார்க்கக் கடமைப்பட்டிருக்கின்றோம்.

அந்த மாணாக்கியின் தம்பியும் அதே பாடசாலையிலே படித்தான், வகுப்பிலே முதல்வன். உன்னுடைய வெள்ளைச் சட்டையைத் தோய்ப்பது யார் என்று ஒருநாள் அவனைக் கேட்டோம். அக்கா என்றான். நீ படிக்கும்போது குழந்தையை வைத்திருப்பது யார் என்று கேட்டோம். அதற்கும் அக்கா என்றான்; சொல்லிவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் நின்றான். அதுவரையும் ஒருவரும் அவனிடத்தில் அதனைக் கேட்டதில்லைப் போலும். மாலையில் இரண்டு மணிநேரம் குழந்தையை அவன் பார்ப்பதென்றும், அந்நேரத்திலே தமக்கை அயல்வீட்டுத் திண்ணையிலே ஆசிரியை ஒருவரிடம் பாடங் கேட்பதென்றும் ஒழுங்காயிற்று. அன்றன்றைப் பாடக்குறிப்பை அவனே வீட்டுக்கு எடுத்துச் சென்றான். சில மாதங் கழித்து அவள் மறுபடியும் வகுப்புக்கு வந்தாள், பின்னர் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையும் எழுதினாள். எல்லா வீட்டிலும் இப்படி முடியும் என்று சொல்ல யான் துணியேன். குழந்தையைப் பார்க்கத் தம்பியும் இல்லாத வீடுகள் உண்டு.

அறுபத்துமூன்று நாயன்மார் தொகையிலே திருநாவுக்கரசர் உண்டு, திலகவதியார் இல்லை. திருவதிகைக் கோயிலிலே அவருக்குச் சந்நிதி உண்டு. தம்பியாரோ தமக்கையாரை மறந்தவரல்லர் என்றே யான் கொள்ளுகின்றேன். கல்லோடு கடலில் இடப்பட்டு அவர் கரையேறியது திருப்பாதிரிப்புலியூரிலே. தமக்கையாரைப் பிரிந்து முன்னே போய்த் தங்கிய பாடலிபுத்திரமும் அதுவேயாம். அங்கே பாடிய திருப்பதிகத்தின் தொடக்கத்திலே இறைவனைத் தாயென்றும் தந்தையென்றும் சொல்லியதோடு அமையாது, உடன்பிறந்தாரென்றும் வைத்துப் பாடினார்.

வருகின்ற குருபூசையிலே பேசும் பிள்ளை நீற்றறையிலிருந்து தொடங்காது திருவாமூர் வீட்டிலிருந்து தொடங்கட்டும். அன்று இடாப்பிலே வராத பிள்ளைகளின் பெயரையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பூசை முடிந்து பிரசாதம் பகிரும்போது, வீட்டிலே தங்கிவிட்ட தமக்கைக்குரிய பங்கைத் தம்பியின் கையிலே கொடுத்து, இது அக்காவுக்கு என்று சொல்லி அனுப்புங்கள். அவள் எப்பொழுது வகுப்புக்கு வரலாம் என்பதையும் கேட்டு வரச் சொல்லுங்கள்.