எரியும் வண்டிகளும் எழுதப்படாத தீர்ப்பும்

சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த ‘டெட் கென்னடிஸ்’ என்னும் பங்க் இசைக்குழு 1980இல் வெளியிட்ட ‘ஃப்ரெஷ் ஃப்ரூட் ஃபார் ராட்டிங் வெஜிடபிள்ஸ்’ என்ற இசைத்தட்டின் உறையை முன்வைத்து ஆசிரியரும் சீடனும் நிகழ்த்தும் உரையாடல் இது. பங்க் என்பது 1970களின் நடுவில் நியூயார்க்கிலும் லண்டனிலும் வலுப்பெற்று, தேர்ந்த வாசிப்பைவிட வேகத்தையும் சீற்றத்தையும் முதன்மையாகக் கொண்ட ராக் இசையின் ஒரு கிளை.

சீடன்: ஐயா, இவ்வுறையில் காவல்துறை வண்டிகள் தீப்பற்றி எரிகின்றன, கொளுத்தியவர் எவரென்றோ, ஏன் கொளுத்தினர் என்றோ ஒரு சொல்லும் இல்லை. கலகத்தைக் காட்சிப்பொருளாக்கி விற்பதைத் தவிர இதற்கு வேறு பொருள் உண்டோ?

ஆசிரியர்: அகப்பாடல் ஒன்றை விளக்கப் புகும் உரையாசிரியர் அது யார் கூற்று, யாரை நோக்கியது, எந்தச் சூழலில் எழுந்தது என்றுதான் முதலில் கேட்பார், நீ அவ்வினாவைத் தாண்டிக்கொண்டு நேரே தீர்ப்புக்குப் போய்விட்டாய். இது ஜூடித் கால்சன் என்பவர் எடுத்த புகைப்படம்; 1979 மே 21 இரவு, சான் பிரான்சிஸ்கோ நகர மன்றத்தின் அருகே உண்மையாகவே எரிந்த வண்டிகள் இவை.

சீடன்: அன்று நடந்தது என்ன?

ஆசிரியர்: 1978 நவம்பர் 27 அன்று, டான் வைட் என்னும் முன்னாள் காவலர், தாம் துறந்த நகர மன்றப் பதவி திரும்பக் கிடைக்காத ஆத்திரத்தில், வாயிலில் இருந்த உலோகச் சோதனைக் கருவியைத் தவிர்க்கக் கீழ்த்தளச் சன்னல் வழியே உள்ளே நுழைந்து, மேயர் ஜார்ஜ் மாஸ்கோனியையும், தன்பாலின ஈர்ப்பாளர் என்பதை வெளிப்படையாக அறிவித்துத் தேர்தலில் வென்ற உறுப்பினர் ஹார்வி மில்க்கையும் சுட்டுக் கொன்றார். அவர் மனச்சோர்வுற்றிருந்தார், இனிப்புத் தின்பண்டங்களை அளவின்றி உண்டதும் அச்சோர்வின் அறிகுறி என்ற வாதம் நீதிமன்றத்தில் வைக்கப்பட்டது. பத்திரிகைகள் அதற்கு, ட்விங்கி என்னும் இனிப்புத் தின்பண்டத்தின் பெயரால், ‘ட்விங்கி வாதம்’ என்று ஏளனப் பெயரிட்டன. முன்திட்டமின்றி உணர்ச்சிவயப்பட்டுச் செய்த கொலை என்னும் குறைந்த குற்றமே மெய்ப்பிக்கப்பட்டதாக நடுவர் குழு முடிவு செய்ய, தண்டனை 7 ஆண்டு 8 மாதம் என்றாயிற்று. தீர்ப்பு வந்த அன்று மாலை, மில்க்கைத் தம்முள் ஒருவராகக் கருதிய மக்கள் திரண்டு நகர மன்றத்துக்கு நடந்தனர். இரவில் வண்டிகள் எரிந்தன.

சீடன்: காரணம் எதுவாயினும் தீ வைத்தது குற்றமன்றோ?

ஆசிரியர்: குற்றமே, அதில் ஐயமில்லை. ஆனால் இப்படம் தீ வைப்பது அறமா என்று கேட்கவில்லை. இரண்டு உயிர்கள் போனதற்கு நிதானமாக அளந்து தண்டனை தந்த ஊர், இரும்பும் ரப்பரும் எரிந்ததற்கு நடுங்கிற்றே, அந்நடுக்கத்தின் அளவைத்தான் பார்ப்பவர்முன் வைக்கிறது. உறையைக் கண்டு முதலில் அதிர்ந்தவன் நீயே என்பதை எண்ணிப் பார்.

சீடன்: எனினும் இப்படம் காட்டுவது பாதி உண்மை அல்லவா?

ஆசிரியர்: பாதிகூட இல்லை. அதே இரவில் காவலர் சிலர் தன்பாலின ஈர்ப்பாளர் மிகுதியாக வாழ்ந்த காஸ்ட்ரோ பகுதிக்குச் சென்று, மதுக்கூடம் ஒன்றினுள் புகுந்து அங்கிருந்தோரை அடித்தனர். அக்காட்சி உறையில் இல்லை. எரியும் வண்டி கண்ணைப் பறிக்கும், அடிபட்டவன் முதுகு பறிக்காது என்பதை இக்குழுவும் அறிந்தே தேர்ந்திருக்க வேண்டும். அவ்வளவில் உன் முதற்குற்றச்சாட்டு நிற்கவே செய்கிறது.

சீடன்: பின்னட்டையைப் பற்றியும் ஒரு வழக்காடல் பேசப்படுகிறதே?

ஆசிரியர்: அது வேடிக்கையானது. விருந்துக்கூடங்களில் மெல்லிசை வாசிக்கும் பழைய குழுவொன்றின் புகைப்படத்தில் தம் சின்னத்தைப் பொறித்து, அவர்களே டெட் கென்னடிஸ் என்பதுபோல் அச்சிட்டுவிட்டனர். படத்தில் இருந்தோர் ஆட்சேபிக்கவே, அடுத்தடுத்த பதிப்புகளில் அது மாற்றப்பட்டது. முகப்பின் நெருப்பால் வராத சிக்கல் சிரித்த முகங்களால் வந்தது.

சீடன்: இறுதியாக ஓர் ஐயம். மாண்டவர்களின் பெயர் முகப்பில் எங்கும் இல்லை. வேறொரு சமூகத்தின் துயரைத் தம் சீற்றத்துக்கு அணிகலனாக்கிக்கொண்டார்கள் என்று ஒருவர் சொன்னால்?

ஆசிரியர்: மறுப்பது கடினம். 1980இல் அந்நகரத்தார்க்குப் பெயர் எழுதத் தேவையிருக்கவில்லை. குழுவின் பாடகர் ஜெல்லோ பியாஃப்ராவே 1979இல் அந்நகர மேயர் தேர்தலில் நின்று தோற்றவர், ஆதலால் அத்துயருக்கு முற்றிலும் அயலவரும் அல்லர். ஆனால் தொலைவூரில் தட்டை வாங்கியவனுக்கு அது வெறும் தீ. 1987இல் வெளியான தொகுப்பில் ‘ஐ ஃபாட் த லா’ என்ற பழைய பாடலை டான் வைட்டே பாடுவதாக மாற்றி அமைத்தபோதுதான், முகப்பில் விடுபட்ட கொலையாளி வெளிப்படையாக உள்ளே வந்தார். அதற்குள் அவர் சிறையிலிருந்து விடுதலையாகி, 1985இல் தற்கொலையும் செய்துகொண்டிருந்தார்.