கருவிற் பிழைத்தல்



மாணிக்கவாசக சுவாமிகள் போற்றித் திருவகவலிலே, மானுட உயிர் தாய் வயிற்றிற் புகுந்தது முதற் பத்தாந் திங்கள் வரையிற் கடக்கும் இடர்களை ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டியருளினார். ஒவ்வோரிடரின் பின்னரும் பிழைத்தலாகிய ஒரு சொல்லையே திரும்பத் திரும்ப வைத்தார். நாம் அதனை ஓதியும் பொருளுணராது கடக்கின்றோம்.

இக்காலக் கருவியலார் கூறுவதனையுஞ் சற்றே நோக்குவாம். பல கோடி விந்தணுக்களுள், பெண்ணின் முட்டையை அணுகுவன சில நூறே. அதனுட் புகுவது ஒன்றே. இருபாலாரிடத்தும் நின்று 23, 23 ஆக வந்த நிறமூர்த்தங்கள் கூடி 46 ஆகும். ஏறக்குறைய ஒரு நாளின்பின் அவ்வொரு கலம் இரண்டாகும். மூன்று நான்கு நாளிற் பதினாறளவாகி முசுக்கட்டைப் பழம்போலத் திரளும். இத்துணை பிரிந்தும் பருமனிற் பெருகாமை வியப்பே! ஐந்தாம் நாளளவில் உள்வெளியுடைய சிறு பந்தாகி, ஆறாம் நாள் தொட்டுக் கருப்பைச் சுவரிற் பதியத் தொடங்கும். அதுகாறும் அது எதனையும் பற்றாது மிதந்து வருவதே. சுவாமிகள் முதலில் வைத்த கிருமிப் போரினை இவற்றோடு ஒன்றெனச் சாதிக்க நாம் துணியோம். அருணூலை ஆய்வுசாலையிலிட்டுச் சோதித்தல் நம் கருத்தன்று.

பதியுமுன்னரும் பதிந்த சின்னாளிலும் எவருமறியாது அழியுங் கருக்கள் மிகப்பல. அறியப்பட்ட கர்ப்பங்களிலும் நூற்றுக்குப் பத்து முதல் இருபது வரை கலைகின்றன. முதன் மூன்று திங்களிற் கலைவனவற்றுள் ஏறத்தாழப் பாதி, நிறமூர்த்தத் தொகை மிகுந்தோ குறைந்தோ அமைந்தமையால் நேர்வன. தாய் உண்டதும் நடந்ததும் அதற்குக் காரணமல்ல.

இஃதிவ்வாறாக, நம்மவர் இல்லங்களில் நிகழ்வதென்ன? கருவிழந்து கிடப்பாளை நோக்கி, "ஏன் நடந்தாய்? ஏன் குடந் தூக்கினாய்?" என்று வினவுகின்றனர். அயலார் அவளை மங்கல வினைகளினின்றும் ஒதுக்குகின்றனர். பெண்மகவு பிறந்ததென்றும் அவளையே நோகின்றனர். ஆணோ பெண்ணோ என்பதனை வரையறுப்பது தந்தையின் அணுவென்பதை யார் அவர்க்கு உரைப்பார்? பிழைத்தல் என்னுஞ் சொற்கு உய்தலென்றும் தவறு செய்தலென்றும் இருபொருளுண்டு. சுவாமிகள் முன்னைய பொருளில் வைத்ததனை நாம் பின்னையதாக்கித் தாயின் தலைமேல் ஏற்றுகின்றோம். வினைப்பயன் என்று வாயடைப்பாரும் உளர். உயிர் உடலெடுத்தலும் விடுத்தலும் அவ்வுயிரின் வினைக்கீடாக இறைவன் ஆணையால் நிகழ்வன என்பது நம் சித்தாந்தமே. அதனைத் துயருற்றாளைக் குத்துங் கோலாக்குதல் சைவமாகாது.

நம்மாற் செய்யத்தக்கது ஒன்றுண்டு. மூளைக்கும் முள்ளந்தண்டு நாணுக்கும் அடியாகிய நரம்புக்குழாய் மூன்றாம் வாரத்தில் மடியத் தொடங்கி இருபத்தெட்டாம் நாளளவில் மூடிவிடும். இதற்கிடையில், இருபத்திரண்டாம் நாளளவில் இருதயந் துடிக்கத் தொடங்கும். பூப்புத் தவறியதென்று தாய் ஐயுற்று மருத்துவரை நாடுமுன்னரே இவற்றுட் பல முடிந்துபோம். அக்குழாய் மூடாது பிறக்குங் குறையைப் போலிக் அமிலம் பெரிதுந் தடுக்குமென்பது 1991இல் ஆய்வாற் றெளிவாயிற்று. ஆதலின் நாளொன்றுக்கு 400 மைக்கிரோகிராம் வீதம், கருவுறுமுன்னரே தொடங்கி முதன் மூன்று திங்களும் அதனை உட்கொள்ளுமாறு மருத்துவர் விதிக்கின்றனர். முன்னொரு மகவு அக்குறையோடு பிறந்திருப்பின் அளவு மிகும். அதனை மருத்துவரிடமே கேட்டறிதல் வேண்டும். திருமணத்துக்கு நாட்பார்க்கும் வீட்டார், குடும்பநல மருத்துவமாதிடம் அம்மாத்திரையைப் பற்றியும் அன்றே உசாவுவாராக.