கணக்கு அறியாமை குற்றமாகுமா?

பொய்யுரைப்பது குற்றம், நிறுவையில் குறைப்பது குற்றம் என்பதில் நம்மவரிடையே கருத்து வேற்றுமை கிடையாது. ஆனால், கணக்குத் தெரியாமையால் ஒருவர் பிறர் பங்கைத் தம் பங்கோடு சேர்த்து வைத்துக்கொண்டால் அது குற்றமா, அல்லவா? இவ்வினாவை நாம் எழுப்பக் காரணம், அப்படி வைத்துக்கொண்டவர்களில் நாமும் ஒருவர் என்பதேயாகும்.

2009-ல் நம் அத்தா மௌத்தானார்கள். பீடோர்க் கடையின் சரக்கும் ரொக்கமுமாக, கடன் போக 80,000 வெள்ளி தேறியது. வாரிசுகள் அம்மாவும், ஆண்மக்கள் இருவரும், ஒரு தங்கையும். உறவில் மூத்தவர் ஒருவர் உட்கார்ந்து பங்கு பிரித்தார். மனைவிக்கு எட்டில் ஒன்று என்பது பராயிளுச் சட்டம். ஆகவே சொத்தை எட்டுக் கூறாக்கி, அம்மாவுக்கு ஒரு கூறு, 10,000 என்றார். அது சரி. மீதி ஏழு கூறு. "பொம்பளைப் பிள்ளைக்கு ஒண்ணு, ஆம்பளைப் பிள்ளைகளுக்கு மும்மூணு, ஏழும் தீர்ந்துபோச்சு" என்றார். பங்கு முழுசு முழுசாக வந்ததில் எல்லாருக்கும் திருப்தி. பாத்திஹா ஓதி எழுந்தோம்.

ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று என்பது மத்ரஸாவில் ஓதிய சிறுவனுக்கும் தெரியும். நமக்கும் தெரிந்துதான் இருந்தது. எனினும், 30,000-க்கும் 10,000-க்கும் உள்ள விகிதம் மூன்றுக்கு ஒன்று என்பது அன்று அந்த அறையில் ஒருவர் கண்ணிலும் படவில்லை. ஏழு ஐந்தால் வகுபடாது; ஆகவே சொத்தை நாற்பது கூறாக்கியிருக்க வேண்டும். தாய்க்கு 5, ஆண்மக்களுக்குப் பதினான்கு பதினான்கு, பெண்ணுக்கு 7. தங்கைக்குச் சேரவேண்டியது 14,000. நாங்கள் இருவரும் ஆளுக்கு 2,000 வெள்ளியைப் பத்தாண்டுக்கு மேல் நம்முடையது என்று நம்பி வைத்திருந்தோம்.

யாரும் திருடவில்லை. ஆயினும் நம் மனம் ஆறவில்லை. ஏனென்றால், சார்டின் டின் ஒரு பெட்டியில் எத்தனை காசு இலாபம் என்று கேட்டால் உறக்கத்திலும் சொல்வோம். ஆரம்பப் பள்ளியோடு நின்றவர்தாமே என்று இங்கே சாக்குச் சொல்ல இயலாது. நம்மிடம் வரும் பணத்துக்கு வேண்டிய கணக்கைக் கற்றுக்கொண்டோம். நம்மிடமிருந்து போகவேண்டிய பணத்துக்கு வேண்டிய கணக்கைக் கற்கவில்லை. குற்றம் எங்கே இருக்கிறதென்று தேடினால் அது அங்கேதான் இருக்கிறது என்பது நம் எண்ணம்.

இந்தத் தேவைக்காகவே ஒரு கலை வளர்ந்தது. கலீபா மஃமூன் 813 முதல் 833 வரை ஆண்ட காலத்தில், பக்தாதில் முஹம்மது இப்னு மூஸா அல்-குவாரிஸ்மி "அல்-ஜப்ர் வல்-முகாபலா" என்னும் முறையைப் பற்றி ஒரு நூல் செய்தார். அல்ஜீப்ரா என்ற பெயர் அதிலிருந்து பிறந்தது. அந்நூலில் பாதியளவு பாகப்பிரிவினையும் வஸிய்யத்தும் பற்றியது என்பதை நம்மவரில் எத்தனை பேர் அறிவர்? தெரியாத தொகைக்கு "ஷைஉ", அதாவது "ஒரு பொருள்", என்று பெயரிட்டு, தராசின் இரு தட்டையும் சமமாக வைத்தபடியே ஒவ்வொன்றாக நீக்கி அதைக் கண்டுபிடிப்பதுதான் முறை. தராசு பிடிக்கும் நமக்கு இதைவிட எளிதாக விளங்கும் வித்தை வேறொன்று இருக்க முடியாது! அவர் இந்திய எண்களைப் பற்றியும் எழுதினார். அது லத்தீனுக்குப் போனபோது, அவர் பெயரே திரிந்து "அல்காரிதம்" ஆயிற்று. இன்று கணினி அதைக்கொண்டே நடக்கிறது.

நம் கல்லாவின்மேல் ஒட்டியிருக்கும் கியூஆர் அட்டையைப் பாருங்கள். 1994-ல் ஜப்பானில் உருவானது. அதில் குழம்புக் கறை பட்டாலும் கைப்பேசி படித்துவிடுகிறதே, எப்படி? 1960-ல் ரீட், சாலமன் என்ற இரு அமெரிக்கக் கணித அறிஞர்கள் வகுத்த ஓர் அல்ஜீப்ரா முறைதான் காரணம். அதன்படி, எழுதியதோடு சில உபரி எண்களும் சேர்க்கப்படுகின்றன; அழிந்ததை அவற்றைக் கொண்டு மீட்கலாம். மிகுந்த காப்புள்ள வகையில் ஏறத்தாழ 30 விழுக்காடு சேதமுற்றாலும் படிக்க முடியும். பக்தாதில் பங்குப் பிரிவினைக்குப் பயன்பட்ட கலையின் வழிவந்த பிள்ளை இன்று நம் கடையில் காசு வாங்குகிறது!

எதிர்ப்புறத்தையும் நாம் மறக்கலாகாது. இவ்வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர் கொண்டுவந்த பாலை நிறுத்து, மெட்ரோலாக் என்ற கருவியை மிதக்கவிட்டு, அதில் ரப்பர் எத்தனை பங்கு என்று அளப்பார்கள். 40 கிலோ பாலில் 35 விழுக்காடு என்றால் 14 கிலோ ரப்பர். 30 என்று எழுதினால் 12 கிலோ. விழுக்காடு என்றால் என்னவென்றே கற்பிக்கப்படாத ஒருவர் எதைக்கொண்டு கேள்வி கேட்பார்? அவருடைய அறியாமை குற்றமன்று. அவருக்குக் கிட்டாமற்போன கல்வியின் குறை அது. நம்முடையது வேறு வகை. இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமாகாது.

"கடைக்கு வேண்டிய கணக்குப் போதும்" என்று நம்மவர் சிலர் பிள்ளைகளை நிறுத்திவிடுகின்றனர். கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடைக் கணக்கர் இருந்தார். அவர் மகன் சீனிவாச ராமானுஜன், 1887-ல் பிறந்தவர். மற்றப் பாடங்களைக் கவனியாமல் கல்லூரித் தேர்வில் தோற்று, 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவானவர்; 1918-ல் இலண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். அவர் ஆராய்ந்தவற்றுள் ஒன்று, ஓர் எண்ணை எத்தனை விதமாகக் கூறு போடலாம் என்பது. நான்கு கிலோ சீனியை முழுக் கிலோப் பொட்டலங்களாக ஐந்து விதமாகக் கட்டலாம். தாளில் எழுதிப் பாருங்கள். நூறு கிலோவுக்கு 19,05,69,292 விதம்! இத்தகைய எண்களை நெருங்கி அறிய ஹார்டி என்ற பேராசிரியரோடு சேர்ந்து அவர் வழி கண்டார். இதனால் என்ன பயன் என்று கேட்பீர்கள். எண்களைப் பற்றிய இப்படிப்பட்ட ஆராய்ச்சிக்குப் பயனில்லை என்றே ஹார்டியும் எண்ணினார். ஆயினும் 1977-ல் பகா எண்களைக் கொண்டு செய்தியைப் பூட்டும் முறை கண்டறியப்பட்டு, இணையவழிப் பணத்துக்குக் காவலானது.

இந்நாட்டில் 2003 முதல் கணிதம் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டது. 2009-ல் அதைக் கைவிடும் முடிவு அறிவிக்கப்பட்டது. எந்த மொழி என்று ஊரெல்லாம் வாதிட்டோம். நாமும் தேநீர்க் கடையில் உரக்கப் பேசியதுண்டு. நம் வீட்டுப் பெண்பிள்ளைகள் கணிதத்தை எதுவரை கற்கிறார்கள் என்று மட்டும் அப்பொழுது யாரும் கேட்கவில்லை.

சென்ற நோன்பில் அண்ணனும் நாமும் 4,000 வெள்ளியை எடுத்துக்கொண்டு தெலுக் இந்தானுக்குச் சென்றோம். தங்கை பணத்தைத் தொடவில்லை. "கணக்கைக் காட்டுங்கண்ணே" என்றாள். காட்டினோம். இரண்டாம் படிவம் படிக்கும் தன் மகளை அழைத்து, தாளைக் கையில் கொடுத்தாள். அந்தப் பிள்ளை பெண்ணின் பங்கை எக்ஸ் என்று எழுதி, ஆண்களுக்கு இரண்டிரண்டு எக்ஸ் வைத்து, மூன்றே வரியில் 14,000 என்று முடித்துவிட்டது. நாம் அதே விடைக்கு விரல் மடக்கி இரண்டு இரவு எடுத்துக்கொண்டோம். "சரிதாம்மா, மாமா சரியாத்தான் போட்டிருக்காங்க" என்றது பிள்ளை. அதன் பிறகே தங்கை பணத்தை எடுத்து உள்ளே வைத்தாள்.