யார் செய்த பாவம்?

இந்த மாதம் சாட்சி எழுதவில்லை, என் தப்பு ஒன்றை எழுதுகிறேன்.

பெருமாள்மலைப் பக்கத்துத் தம்பி ஒருவன் நம் கூட்டத்துக்கு வருவான். சின்ன வயசிலிருந்தே வயிற்று வலி. சாப்பிட்டால் வலி முதுகுவரை போகும். முழங்காலைக் கட்டிக்கொண்டு குனிந்தே உட்கார்ந்திருப்பான். மூன்று நாள் உபவாசமிருந்து ஜெபித்தோம். வலி போகலை. "மறைவான பாவம் இருந்தால் அறிக்கை பண்ணிடு, குடிக்கிறாயா?" என்று நான்தான் கேட்டேன், சபை முன்னால். அவன் அம்மா அழுதார்கள். அவன் ஒண்ணுமே பேசலை.

ஆள் மெலிந்துகொண்டே போனான். எண்ணெய் மிதக்கிற மாதிரி மலம், அடங்காத தாகம். மலையிறங்கிக் கீழே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரேயும் ஸ்கேனும் எடுத்தபோது, கணையத்துக்குள் கற்கள். சர்க்கரையும் வந்திருந்தது.

கணையம் இரைப்பைக்குப் பின்னால் ஒளிந்திருக்கிற உறுப்பு. குடியாலும் அது கெடும், வாஸ்தவம். ஆனால் ஒரு சொட்டும் தொடாத பிள்ளைகளுக்கும் நம்ம தென்னிந்தியாவில் இந்த வியாதி வருகிறது. 1960களிலேயே கேரளத்து டாக்டர் கீவர்கீஸ் இப்படிப்பட்டவர்களைப் பற்றி எழுதினார். மரவள்ளிக் கிழங்கைச் சந்தேகப்பட்டார்கள், நிரூபணமாகவில்லை. 2002-இல், ஸ்பிங்க்1 என்ற மரபணுவில் ஒரு மாற்றம் இந்த நோயாளிகளில் பலரிடம் இருப்பது தெரிந்தது. அது பெற்றோர் வழியாக வருவது. அதில் யாருடைய பாவம் இருக்கிறது?

யோவான் 9-ம் அதிகாரத்தில் பிறவிக் குருடனைப் பார்த்துச் சீஷர்கள் கேட்டதும் இதைத்தான். ஆண்டவர் அவன் பாவமுமல்ல, பெற்றோர் பாவமுமல்ல என்று மறுத்துவிட்டார். வேதாகமக் கல்லூரியில் இந்த அதிகாரத்துக்குப் பரீட்சையே எழுதினவன் நான்!

"டாக்டரிடம் போவது அவிசுவாசம் இல்லையா, பாஸ்டர்?" என்று சிலர் கேட்கிறீர்கள். எசேக்கியா ராஜாவுக்கு 15 வருஷம் கூட்டித் தருவதாகக் கர்த்தர் வாக்குக் கொடுத்த பிறகும், ஏசாயா அத்திப்பழ அடையைக் கொண்டுவந்து பிளவையின்மேல் போட வைத்தாரே (2 இராஜாக்கள் 20). 1900-இல் வேலூரில் மருத்துவ ஊழியம் தொடங்கி, 1960-இல் நம் கோடைக்கானலில் நித்திரையடைந்த டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மாவை அவிசுவாசி என்பீர்களா? நாம் ஜெபித்ததில் குற்றமில்லை. பதில் தாமதமானதும், காரணம் தெரியாத இடத்தில் அவன்மேல் பாவத்தைக் கொண்டுபோய் வைத்தேன். அங்கேதான் தவறினேன்.

ஆபரேஷனில் கணையக் குழாயைத் திறந்து கற்களை எடுத்தார்கள். வலி ரொம்பக் குறைந்திருக்கிறது. சாப்பாட்டோடு என்சைம் மாத்திரை, தினமும் இன்சுலின், இது ஆயுசுக்கும் வேண்டும். வீட்டுக்குப் போய் அவனிடமும் அம்மாவிடமும் மன்னிப்புக் கேட்டேன். சபை முன்னால் கேட்ட கேள்விக்குச் சபை முன்னால்தானே மன்னிப்பும் கேட்கணும்? வருகிற ஞாயிறு ஆராதனையில் கேட்கப்போகிறேன். அவனும் வருகிறேன் என்றிருக்கிறான்.