பாட்டிலோடு ஒரு தரிசனம்

உங்களுக்கு ரொம்பப் பிடித்த ஒருவர், எழுத்தாளரோ பாடகரோ கிரிக்கெட் வீரரோ, ரயிலில் எதிர் ஸீட்டில் வந்து உட்காருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். என்ன செய்வீர்கள்?

முதல் நிமிஷம், அவர்தானா என்று சந்தேகம். இரண்டாவது நிமிஷம், ‘ஸார், நான் உங்க பெரிய ஃபேன்!’ மூன்றாவது நிமிஷம் ஒரு போட்டோ. நாலாவது நிமிஷம்...? அங்கேதான் சிக்கல். பேச ஒன்றும் இருக்காது. அவர் ஜன்னலைப் பார்ப்பார். நீங்கள் செல்போனைப் பார்ப்பீர்கள். விழுப்புரம் எப்போது வரும் என்று இரண்டு பேருமே காத்திருப்பீர்கள்.

‘பிடித்தவர்களை நேரில் பார்க்காதே. பிம்பம் உடைஞ்சுபோகும்’ என்று அறிவுரை சொல்பவர்கள் உண்டு. தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி என்று நம் பாட்டிகள் சொன்னதும் கிட்டத்தட்ட இதைத்தான்.

சரிதானா அது? நாம் மதிக்கிற ஒருவரைப் பார்க்கப் போனால், அவரிடம் எதைக் கேட்க வேண்டும்? அவர் நமக்கு எதைத் தரக் கடமைப்பட்டவர்? பதிலுக்கு நாம் அவருக்கு என்ன கொடுக்க வேண்டும்?

இதற்குப் பதில் தேடி நான் போன இடம் கோயிலோ சபாவோ இல்லை. பீர் தொட்டி! பதறாதீர்கள். குடிக்கச் சொல்லி எழுதவில்லை. குடிப்பதைப் பற்றிய கட்டுரையே இல்லை இது. செய்வதைப் பற்றியது.

அமெரிக்காவில் ‘ஹோம் ப்ரூவர்’ என்று ஒரு கூட்டம் இருக்கிறது. வீட்டுச் சமையலறையில், கார் ஷெட்டில், சனி ஞாயிறுகளில் தாங்களே பீர் காய்ச்சுகிறவர்கள். நம் ஊரில் இதைச் செய்தால் போலீஸ் வரும். அங்கேயும் 1978 வரை மத்திய அரசு சட்டப்படி குற்றம்தான். அந்த வருஷம் அக்டோபரில் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் கையெழுத்துப் போட்ட சட்டம்தான் கதவைத் திறந்துவிட்டது. இரண்டு பெரியவர்கள் இருக்கிற வீட்டில் வருஷத்துக்கு 200 காலன் வரை காய்ச்சலாம், விற்கக் கூடாது.

செய்முறை கேட்பதற்குச் சுலபம். முளைகட்டிக் காயவைத்த பார்லியை (மால்ட் என்று நாம் டப்பாவில் வாங்குகிறோமே, அதன் மூலம்தான்) நொறுக்கி, 65, 67 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்தால் அதிலுள்ள மாவுச்சத்து சர்க்கரையாகிவிடும். அந்தச் சாற்றை வடித்துக் கொதிக்கவிட்டு, கசப்புக்கும் வாசனைக்கும் ‘ஹாப்ஸ்’ என்ற பூவைப் போட்டு, ஆறவைத்து, ஈஸ்ட்டைத் தூவினால் மீதியை அது பார்த்துக்கொள்ளும். இட்லி மாவு மாதிரிதான். இட்லி மாவு மாதிரியே, எல்லாம் சரியாகச் செய்தும் ஒரு நாள் காலை வாரிவிடும்!

இந்த ஹோம் ப்ரூவர்களுக்கும் ஹீரோக்கள் உண்டு. சின்னச் சின்ன ஆலைகளில் தங்கள் கையால் ‘க்ராஃப்ட் பீர்’ காய்ச்சிப் பேர் வாங்கியவர்கள். திருவிழா ஸ்டாலிலோ ஆலை வாசலிலோ ரசிகன் அவர்களை நேருக்கு நேர் பார்த்துவிடலாம். என்ன விசேஷம் என்றால், இந்த ரசிகன் வெறுங்கையோடு போவதில்லை. பைக்குள் ஒரு பாட்டில் இருக்கும். அவனே காய்ச்சியது.

‘கொஞ்சம் டேஸ்ட் பண்ணிப் பார்த்துச் சொல்லுங்களேன்...’

இந்த இடத்தில் ஒரு நிமிஷம் நில்லுங்கள். நம் தர்மசங்கடம் மொத்தமும் இந்த பாட்டிலில்தான் இருக்கிறது.

பெரியவர் ஒரு வாய் குடிக்கிறார். வெண்ணெய் வாடை! சுமாரான பீர்கூட இல்லை. எதிரே பையன் கண்ணைச் சிமிட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கிறான். என்ன சொல்வது? ‘பிரமாதம் தம்பி’ என்றால் அவன் மகிழ்ந்துபோவான். அடுத்த முறையும் வெண்ணெய் வாடையோடுதான் காய்ச்சுவான். ‘குப்பை’ என்றால் அடுப்பையே மூட்டைகட்டிவிடுவான்.

நல்ல ப்ரூவர் மூன்றாவதாக ஒன்று சொல்வார். ‘ஈஸ்ட்டை விட்டு எப்ப பிரிச்சீங்க? அவசரப்பட்டுட்டீங்க. இன்னும் ரெண்டு மூணு நாள் குளிர வைக்காம விட்டிருந்தா, அந்த வாடையை ஈஸ்ட்டே திரும்ப எடுத்துக்கிட்டிருக்கும்.’

விஞ்ஞானம் அப்படித்தான். அந்த வெண்ணெய் வாடைக்கு டையசிட்டைல் என்று பேர். அதற்கு வித்திடுவதும் ஈஸ்ட்தான், அவகாசம் கொடுத்தால் துடைத்து எடுப்பதும் ஈஸ்ட்தான். ஈர அட்டை வாசனை வந்தால் பாட்டிலில் காற்று புகுந்திருக்கிறது. வேகவைத்த சோளம் மாதிரி இருந்தால் கொதி போதவில்லை. ஒவ்வொரு தப்புக்கும் ஒரு வாசனை, ஒவ்வொரு வாசனைக்கும் ஒரு காரணம்.

கவனித்தீர்களா? அவர் பையனைப் பாராட்டவும் இல்லை, திட்டவும் இல்லை. அவனைத் தன் தொழிலில் ஓர் ஆளாக மதித்துப் பேசிவிட்டார். ‘உன்னால் இதைத் திருத்த முடியும்’ என்று நம்புகிறவரால்தான் தப்பைச் சொல்ல முடியும். உண்மையைவிடப் பெரிய மரியாதை எதுவும் இல்லை. புகழ்ச்சி பல நேரம் ‘கிளம்புப்பா’ என்பதற்கு நாசூக்கான மறுபெயர்.

ஹோம் ப்ரூவர்களின் போட்டிகளிலும் இதே ஒழுங்குதான். மொத்தம் 50 மார்க். வாசனைக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் தன்மைக்கு 5, ஒட்டுமொத்தமாக 10. பாட்டில் யாருடையது என்று நடுவருக்குத் தெரியாது. மார்க் போட்டால் மட்டும் போதாது. ஏன் என்று எழுதித் தர வேண்டும். தோற்றுப்போனவனும் ஒரு பாடத்தோடுதான் வீட்டுக்குப் போவான். நம்முடைய எத்தனை பரிசளிப்பு விழாக்களில் இப்படி நடக்கிறது, சொல்லுங்கள்!

இப்படிப்பட்ட சந்திப்பு ஒருவரை எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் என்பதற்கு ஒரு நிஜக் கதை சொல்கிறேன்.

கென் க்ராஸ்மன் என்று ஒருவர். கலிஃபோர்னியாவில் சிக்கோ என்ற ஊரில், 1976ல், வீட்டில் பீர் காய்ச்சுபவர்களுக்குச் சாமான் விற்கும் கடை வைத்திருந்தார். அதே வருஷம் சொனோமாவில் ஜாக் மெக்காலிஃப் என்பவர் ‘நியூ ஆல்பியன்’ என்ற குட்டி ஆலையைத் தொடங்கினார். கடற்படையில் வேலை பார்த்து, ஸ்காட்லாந்தில் இருந்தபோது ருசி கண்டுகொண்டு வந்தவர். பழைய டிரம்களையும் பால் பண்ணைப் பாத்திரங்களையும் வைத்து ஆலை கட்டினார். இன்னொரு பக்கம் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஃப்ரிட்ஸ் மேடாக். வாஷிங் மெஷின் கம்பெனிக் குடும்பத்துப் பிள்ளை. மூடப்போகிற நிலையில் இருந்த ‘ஆங்கர்’ ஆலையை 1965ல் வாங்கி, உயிர் கொடுத்தவர்.

கடைக்காரர் கென் இந்த இரண்டு ஆலைகளையும் போய்ப் பார்த்தார். கண்ணால் கற்றுக்கொண்டார். 1980ல் ‘சியரா நெவாடா’ என்ற தன் ஆலையைத் தொடங்கினார், அவரும் பால் பண்ணைப் பாத்திரங்களோடுதான். ருசி பிடிபடும் வரை காய்ச்சியதையெல்லாம் கீழே கொட்டினார்.

ஜாக்கின் ஆலை கட்டுப்படியாகாமல் 1982ல் மூடப்பட்டது. கென்னின் ஆலை அமெரிக்காவின் பெரிய க்ராஃப்ட் ஆலைகளில் ஒன்றாக வளர்ந்தது.

வியாபார உலகத்தில் இதற்குப் பிறகு கதை முடிந்துவிடும். ஜெயித்தவர் மேடையில், தோற்றவர் மறதியில். ஆனால் 2010ல், தன் ஆலையின் முப்பதாவது வருஷத்தைக் கொண்டாட, கென் என்ன செய்தார் தெரியுமா? அந்த முன்னோடிகளைக் கூப்பிட்டார். மேடாக்கோடு சேர்ந்து ஒரு பீர், மெக்காலிஃபோடு சேர்ந்து ஒரு பீர் காய்ச்சினார். அவர்கள் பேரை லேபிளில் போட்டார். பொன்னாடை போர்த்தி உட்கார வைக்கவில்லை. வேலை கொடுத்தார்!

இன்னொரு சக தொழில்காரரும் ஜாக்கை மறக்கவில்லை. பாஸ்டன் பீர் கம்பெனியின் ஜிம் காக், நியூ ஆல்பியன் பீரை 2013ல் மறுபடி காய்ச்சி விற்று, லாபத்தை ஜாக்குக்கே கொடுத்தார்.

நான் பி.காம் படித்தவன். அக்கவுன்டன்ஸி வகுப்பில் முதல் வாரமே மண்டையில் ஏற்றுவார்கள்: பெறுபவர் கணக்கில் பற்று, தருபவர் கணக்கில் வரவு. கற்றுக்கொண்டவன் கடனாளி. அந்தக் கடனைப் புகழ்ச்சியால் அடைக்க முடியாது. கற்றதைச் செய்து காட்டி அடைக்கலாம். அடுத்தவனுக்குச் சொல்லிக் கொடுத்தும் அடைக்கலாம்.

இந்தத் தொழிலில் அந்த இரண்டாவது வழி நிறைய நடக்கிறது. 2008ல் ஹாப்ஸ் தட்டுப்பாடு வந்தபோது, இதே பாஸ்டன் பீர் தன் கையிருப்பில் 20,000 பவுண்டைச் சின்ன ஆலைகளுக்கு அசல் விலைக்கே விற்றது. 2018 நவம்பரில் சிக்கோவுக்குப் பக்கத்து ஊரான பாரடைஸ் காட்டுத்தீயில் எரிந்துபோனது. 85 பேர் இறந்தார்கள். கென் ஒரு பீருக்கான செய்முறையை எல்லா ஆலைகளுக்கும் அனுப்பி, ‘காய்ச்சி விற்று, பணத்தை நிவாரணத்துக்குக் கொடுங்கள்’ என்றார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆலைகள் சம்மதித்தன.

‘செய்முறையைக் கொடுத்துவிட்டால் வியாபாரம் என்னாவது?’ நியாயமான கேள்வி. ஆனால் செய்முறை தெரிந்த எல்லாருக்கும் அந்தக் கை வந்துவிடுமா? உங்கள் அம்மா வத்தக்குழம்புக்கு அளவு எழுதித் தந்தார்களே, வந்ததா?

இதுவரை எல்லாம் இனிப்பு. இனி கசப்புக்கு வருவோம். ஹாப்ஸ் இல்லாமல் பீர் ஏது?

ஸ்காட்லாந்தில் 2007ல் தொடங்கிய ‘ப்ரூடாக்’ என்ற கம்பெனி, 2016ல் தன் அத்தனை பீர்களின் செய்முறையையும் இலவசமாக வெளியிட்டது. ஹோம் ப்ரூவர்கள் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். 2021 ஜூனில் அந்தக் கம்பெனியின் முன்னாள் ஊழியர்கள் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். அங்கே பயத்தில்தான் வேலை பார்த்தோம் என்றார்கள். தலைவர் மன்னிப்புக் கேட்டார். அதற்கு ஒரு மாதம் முன்பு, அமெரிக்க ஆலைகளில் வேலை பார்த்த பெண்கள் தாங்கள் பட்ட அவமானங்களை வரிசையாக வெளியே சொல்ல ஆரம்பித்திருந்தார்கள். ரசிகர்கள் கொண்டாடிய சில ஆலைகளின் தலைவர்கள் பதவி விலகினார்கள்.

இப்போது அந்த பாட்டில்காரப் பையனின் நிலைமையை யோசியுங்கள். யாரிடம் கற்றானோ, அவர் தன் ஊழியர்களை இப்படி நடத்தியிருக்கிறார். கற்றதைத் தூக்கி எறிவதா? அல்லது ‘எவ்வளவு தாராளமா சொல்லிக் கொடுத்தார், அவர் போய் அப்படிச் செய்வாரா?’ என்று வக்காலத்து வாங்குவதா?

இரண்டுமே தப்புக் கணக்கு என்பேன். ராமசாமி கணக்கிலுள்ள வரவை கிருஷ்ணசாமி கணக்கிலுள்ள பற்றோடு நேர்செய்யக் கூடாது. எனக்குச் சொல்லிக் கொடுத்ததற்கு நான் அவருக்குக் கடன்பட்டவன். என் கணக்கு அது. அவரிடம் வேலை பார்த்து அழுத பெண்ணுக்கு அவர் கடன்பட்டவர். அது அவள் கணக்கு. என் நன்றியை எடுத்து அவள் கணக்கை முடித்துவைக்க எனக்கு என்ன அதிகாரம்? அவளுடைய கணக்கை அவள்தான் முடிக்க வேண்டும்.

நாம் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். நன்றாகப் பாடுகிறவர் நல்லவராகத்தான் இருப்பார் என்று முதலில் நாமாக எழுதிக்கொள்கிறோம். பிறகு அது பொய்யானால், பாட்டையும் சேர்த்து எரிக்கிறோம். இல்லையென்றால் பாதிக்கப்பட்டவள் மேல் பாய்கிறோம்.

இதற்கு நேர் எதிராக ஓர் இடம் உண்டு. பெல்ஜியத்தில் வெஸ்ட்ஃப்ளேட்டரன் மடம். அங்குள்ள துறவிகள் காய்ச்சும் பீரை உலகத்திலேயே சிறந்தது என்று சொல்பவர்கள் ஏராளம். பல ஆண்டுகள் அந்த பாட்டிலில் லேபிள்கூடக் கிடையாது. மடத்தை நடத்தத் தேவையான அளவுக்குத்தான் காய்ச்சுவார்கள். கிராக்கி இருக்கிறதே என்று கூட்ட மாட்டார்கள். காய்ச்சிய துறவியோடு கைகுலுக்கிப் போட்டோ எடுத்துக்கொள்ளலாம் என்று போனால், எதிரே உள்ள காஃபியில் உட்கார்ந்து குடித்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். அவர் ஜபத்தில் இருப்பார். அவர் முகம் தெரியாததால் பீரின் ருசி ஒரு சொட்டும் குறையவில்லை.

ஆகவே என் தீர்ப்பு இது. மதிக்கிறவரைத் தாராளமாகப் போய்ப் பாருங்கள். பிம்பம் உடைந்தால் உடையட்டும். பிம்பத்தை வைத்துக்கொண்டு நாம் காய்ச்சப்போவது ஒன்றுமில்லை. ஆனால் வெறுங்கையோடு போகாதீர்கள். நீங்கள் எழுதிய ஒரு பக்கம், போட்ட ஒரு கோலம், திருத்திய ஒரு மெஷின், சுமாராக வந்த ஒரு ராகம், எதுவாவது பையில் இருக்கட்டும். ‘நீங்க எப்படி இவ்வளவு பெரிய ஆளானீங்க?’ என்று கேட்காதீர்கள். ‘இது எங்கே தப்பாச்சு?’ என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு எல்லாரிடமும் மனப்பாடமான பதில் இருக்கும். இரண்டாவது கேள்விக்கு அவர் உங்கள் பாட்டிலை மூக்கருகே கொண்டுபோயாக வேண்டும்.

நாளைக்கே உங்கள் எதிரில் ஒருவர் பாட்டிலை நீட்டினால்? கூச்சப்படாமல், கருணையோடு, உண்மையைச் சொல்லுங்கள். வெண்ணெய் வாடை அடித்தால், அடிக்கிறது என்று சொல்லுங்கள். ஏன் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்.