பதினைந்து விநாடிகள்

நார்வேயின் வடக்கில், ஆர்க்டிக் வட்டத்துக்கு மேலே, லொஃபோட்டன் தீவுகள். ஜனவரியிலிருந்து ஏப்ரல்வரை பேரன்ட்ஸ் கடலிலிருந்து காட் மீன்கள் முட்டையிட இங்கே வருகின்றன. அவற்றைப் பிடிக்க வந்தவர்கள் தங்குவதற்கென்று கட்டிய சிவப்பு மரக்குடில்களில் இப்போது பயணிகள் தங்குகிறார்கள். ஒரு பிப்ரவரியில் அவர்களில் நானும் ஒருவன். ஒன்பது பேர்; வடதுருவ ஒளியைப் படமெடுப்பதற்காகப் பணம் கட்டிச் சேர்ந்தவர்கள் என்பதற்கு மேல் எங்களுக்குள் உறவில்லை. விதி மட்டும் ஒன்று இருந்தது. யாருடைய ஷட்டராவது திறந்திருக்கும்போது வெள்ளை வெளிச்சம் கூடாது. நெற்றி விளக்கு சிவப்பாகத்தான் எரியலாம்.

மூன்றாம் இரவு வானில் ஒளி வந்தது. என் காமிராவை 15 விநாடிகளுக்குத் திறந்தேன். திறந்த கணத்தில், எனக்கு இடப்புறம் சற்று முன்னால் நின்றிருந்த முதியவர் பனி உறைந்த பாறையில் சறுக்கி விழுந்தார். விழுந்த சத்தம் கேட்டது. அதன்பின் ஒரு முனகலும் கேட்டது. நான் திரும்பவில்லை. ஷட்டர் மூடிக்கொண்ட பிறகுதான் திரும்பினேன். அப்போதுதான் யாரோ டார்ச்சைப் போட்டார்கள். 'அணை, அணை' என்று இன்னொரு குரல் கத்தியது. அவருக்கு மணிக்கட்டு முறிந்திருந்தது.

இதைக் கலையா மனிதனா என்ற பழைய பிரச்னையாக்கிவிடலாம். நாம் பக்கம் பக்கமாக எழுதிய பிரச்னை அது. ஆனால் அந்தச் சௌகரியம் எனக்கு இல்லை. காமிரா ட்ரைபாடின் மேல் நின்றிருந்தது. அந்த 15 விநாடிகளில் அதற்கு நான் தேவையே இல்லை. நான் அவரிடம் ஓடியிருந்தாலும் படம் கிடைத்திருக்கும். இருட்டில் ஓடும் இருண்ட உருவம் அதில் அநேகமாகப் பதிந்தே இருக்காது. ஆக, மனிதனை விட்டுப் படத்தை நான் தேர்ந்துகொள்ளவில்லை. தேர்வு என்பதே நிகழவில்லை. தேர்ந்திருந்தால் குரூரன் என்ற பெயராவது மிஞ்சும். நான் வெறுமனே காத்திருந்தேன். கருவியின் காலம் என் உடம்பின் காலமாகிவிட்டிருந்தது.

குடிலில் எங்கள் பேச்சு முழுவதும் வர்ணத்தின் உண்மையைப் பற்றியே இருந்தது. சுமார் 100 கிலோமீட்டருக்கு மேலே ஆக்ஸிஜன் அணுக்கள் உமிழும் பச்சை அது. ஒளி மங்கலாயிருக்கும்போது கண்ணுக்கு அது பெரும்பாலும் சாம்பல் மேகம் போலத்தான் தெரியும். குறைந்த வெளிச்சத்தில் பார்க்க உதவும் விழித்திரை அணுக்களுக்கு நிறம் தெரியாது. அப்படியானால் காமிராவின் பச்சை பொய்யா என்று விவாதித்தோம். பொய்யில்லை என்றே நினைக்கிறேன். காமிரா எதையும் புதிதாகச் சேர்ப்பதில்லை. விநாடிகளைக் கூட்டி ஒரே பரப்பில் வைக்கிறது. ஆனால் அப்படிக் கூட்டும்போது அந்த 15 விநாடிகளில் நடந்த மற்றதும் சேர்ந்துவிடுகிறது. என் படத்தின் இடது மூலையில், மேலிருந்து கீழாக வளைந்து இறங்கும் ஒரு சிவப்புக் கோடு இருக்கிறது. விழுந்தவரின் நெற்றி விளக்கு.

1882-83 குளிர்காலத்தில் சோஃபுஸ் ட்ரோம்ஹோல்ட் என்ற டென்மார்க்காரர் இதே வட நார்வேயின் கௌதொகெய்னோவில் தங்கி இந்த ஒளியைப் படமெடுக்க முயன்றார். அன்றைய தகடுகளுக்கு அத்தனை நுண்ணுணர்வு இல்லை, தோற்றார். மார்ட்டின் பிரெண்டல் அதைப் படமாக்கியது 1892இல்தான். வானம் பிடிபடாத ட்ரோம்ஹோல்டின் காமிராவில் பிடிபட்டவை சாமி இன மக்களின் முகங்கள். அவர்கள் பெயர்களையும் குறித்துவைத்தார். இதை அவருடைய அறமாக்கிப் பேச மாட்டேன். அவர் தேடி வந்ததும் வானத்தைத்தான். ஆனால் கருவியின் இயலாமை மனிதனுக்கு ஓர் இடத்தை விட்டுவைத்திருந்தது. எங்கள் கருவிக்கு இயலாமை ஏறக்குறைய இல்லை. அந்த இடத்தை இனி நாமேதான் விட்டுவைக்க வேண்டும்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், வலிக்கு நடுவே முதியவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: 'கிடைத்ததா?' கிடைத்தது என்றேன். சிரித்தார். அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. அவர் எதையும் குற்றமாகவே பார்க்கவில்லை. என் இடத்தில் அவரும் அப்படித்தான் நின்றிருப்பார். எங்களுக்குப் பொதுவான இந்தக் களங்கமின்மைதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

கோட்டை அழித்துவிடச் சொன்னார்கள். இன்று அது ஒரு நிமிஷ வேலை. அழித்தால் அந்த இரவில் யாரும் விழவில்லை. இன்னொருவர் கோடு இருக்கட்டும், படத்துக்கு ஒரு கனம் தருகிறது என்றார். வைத்துக்கொண்டால் ஒரு மனிதனின் முறிந்த மணிக்கட்டு என் பாணியாகிவிடுகிறது. இரண்டில் முதலாவது வெளிப்படையான பொய். இரண்டாவது நேர்மையின் சாயல் கொண்டது. அதனாலேயே அதிக ஆபத்தானது. நம் எழுத்தில் பலவும் இந்த இரண்டாவது வகை என்று எனக்குப் படுகிறது. பிறருடைய வலி நம் வரியின் ஓரத்தில் ஒரு சிவப்புக் கோடாக விழுகிறது. கனம் கூடியதென்று சந்தோஷப்படுகிறோம்.

மறுநாள் இரவும் போனோம், அவர் இல்லாமல். ஷட்டரைத் திறந்துவிட்டு வானத்துக்கு முதுகைக் காட்டி மற்றவர்களைப் பார்த்தேன். முகங்கள் தெரியவில்லை; ஏழு சிவப்புப் புள்ளிகள் மட்டும், அசையாமல்.

கோட்டை நான் அழிக்கவில்லை. படத்தை யாருக்கும் காட்டவுமில்லை. அது போதும் என்றிருந்தேன். இப்போது இதை எழுதிவிட்டேன்; இதுவும் காட்டுவதுதான்.